கிருபாகரனின் காது

கிருபாகரனுக்குக் காது போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். காதை வைத்துப் பிழைக்கிற மனிதர் அதை யாரிடம் போய்ச் சொல்வார்?

எண்ணெய்க் குழாய்களைச் சுத்தம் செய்யும் கான்டிராக்ட் கம்பெனியில் அவருக்கு வேலை. நான் அங்கே ஜீப் ஓட்டுகிறேன். மண்ணுக்கு அடியில் போகும் குழாயில் நாள் போகப் போக அழுக்கும் மெழுகும் படியும். அதைச் சுரண்டி எடுக்க, சுற்றிலும் இரும்பு பிரஷ் வைத்த கனத்த உருளை ஒன்றை ஒரு முனையில் உள்ளே விடுவார்கள். பின்னால் வரும் எண்ணெயே அதைத் தள்ளிக்கொண்டு போகும். அதற்குப் பெயர் பிக். பன்றி என்று அர்த்தமாம். சுத்தம் செய்கிற சாமானுக்கு இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை.

பிக் வழியில் சிக்கினால் எங்கே தோண்டுவது என்று தெரிய வேண்டும். அதனால் பாதை நெடுக, குழாய் வெளியே தெரிகிற இடங்களில் ஆட்களை நிறுத்துவார்கள். தங்களைக் கடந்து போனதும் அவர்கள் தகவல் கொடுப்பார்கள். குழாயின் உள்பக்கத்தைச் சோதிக்கிற விலை உயர்ந்த பிக்குக்கு, அது போகும் இடத்தைக் காட்டக் கருவி உண்டு. வெறும் பிரஷ் பிக்குக்கு மனுஷன் காது போதும் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. அந்தக் காதுகளில் முதல் காது கிருபா அண்ணனுடையது. குழாயில் காதை ஒட்டினார் என்றால், அது வெகு தூரத்தில் வரும்போதே விரலைத் தூக்கிவிடுவார்.

திருமுல்லைவாயிலில் வயல் கூலிக் குடும்பம் அவருடையது. அந்த வயலில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. குழாய் தூக்கும் ஆளாகத்தான் கம்பெனிக்கு வந்தார். அப்போது எல்லோரும் ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டார்களாம். காதின் திறமை தெரிந்த பிறகுதான் அவருக்குப் பெயரே வந்தது; எஞ்சினியர்கள் கூட ‘அண்ணா’ என்றார்கள். பம்பு நிலையங்களின் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்று அந்தக் காதே போனது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவர் மூன்று வருடம் ஓட்டினார். பார்ப்பவர்களுக்காகக் காதைக் குழாயில் வைப்பார், உண்மையில் கேட்டது உள்ளங்கை. பிக் போகும்போது குழாய் லேசாக அதிரும், அது கைக்குத் தெரியும். “ஒரே இரைச்சலா கீது, போன் பண்ணாத, மெசேஜ் போடு” என்று எல்லோரையும் பழக்கியிருந்தார். நேரில் பேசினால் வாயசைவைப் பார்த்துச் சமாளிப்பார்.

போன தை மாதம் பூந்தமல்லியில் ஓடைக்கரையில் அவரை இறக்கிவிட்டேன். ஓடையைத் தாண்ட அங்கே குழாய் மண்ணுக்கு வெளியே வரும். பக்கத்தில் மெட்ரோ வேலை. காலையிலிருந்து மெஷின் விட்டு விட்டுப் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தது, துளைக்கும்போதெல்லாம் நிற்கிற தரையே நடுங்கியது. வேலப்பன்சாவடியில் நின்ற அப்துல் ரசாக், பிக் தன்னைக் கடந்ததாக மெசேஜ் போட்டார். அடுத்து பூந்தமல்லி. கிருபா அண்ணனிடமிருந்து வந்த பதில்: “வரல.” அதற்கடுத்த நசரத்பேட்டைக்கும் வரவில்லை. குழாயில் அழுத்தம் ஏறியது, பம்பை நிறுத்தினார்கள்.

எஞ்சினியர் சௌம்யா வந்து கணக்குப் போட்டார். சேலத்துப் பெண், கெட்டிக்காரி, அவசரப்படுகிறவள் இல்லை. வேலப்பன்சாவடியைத் தாண்டியது, பூந்தமல்லிக்கு வரவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கியிருக்கிறது. பிக்குக்குப் பின்னால் எண்ணெய் முழு அழுத்தத்தில் நிற்கும், முன்னால் இருக்காது. ஆகவே ஓடைப் பக்கம் ஆபத்தில்லாத பக்கம், அங்கே குழாயைத் திறக்கலாம். குழாய் பிரிக்கும் சின்னசாமியும் இன்னும் இரண்டு பேரும் சாமானோடு ஓடைக்குள் இறங்கினார்கள்.

நான் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். கிருபா அண்ணன் தனியாக நின்றிருந்தார். டம்ளரைக் கொடுத்துவிட்டுச் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

“மத்தியானம் சாப்பாட்டுக்கு மெட்ரோகாரன் மெஷின நிறுத்துனான் பாரு, அப்பத்தாண்ணே உயிரு வந்துச்சு.”

“இன்னா சொன்ன?”

“மெஷினு நின்னுச்சுண்ணே. ஒரு மணி நேரம் கப்சிப்னு இருந்துச்சே, நீதான் இங்கயே இருந்தியே.”

அவர் முகம் வெளிறிவிட்டது. அந்த மத்தியானத்தில்தான் அவர் கை ஓர் அதிர்வை உணர்ந்திருக்கிறது. மெஷின்தான் என்று விட்டுவிட்டார். மெஷின் நின்றுபோனது அவருக்குத் தெரியாது. நின்றதைத் தெரிந்துகொள்ளவும் காது வேண்டுமே. கையில் பட்டது பிக். அது பூந்தமல்லியைத் தாண்டிப் போயிருக்கிறது. அப்படியென்றால் சின்னசாமி உட்கார்ந்திருந்தது எண்ணெய் முழு அழுத்தத்தில் நிற்கிற பக்கம்; திறந்தால் எண்ணெய் பீறிட்டு ஆளையே கொன்றுவிடும்.

டம்ளரைக் கீழே போட்டுவிட்டுச் சௌம்யாவிடம் ஓடினார். நானும் பின்னால் போனேன்.

“மேடம், நிறுத்த சொல்லுங்க. எனுக்கு சந்தேகமா கீது.”

“என்ன சந்தேகம் அண்ணா?”

“அது… வந்து பூட்ச்சோ இன்னாவோ.”

சௌம்யா சிரித்தார். அவரை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, முகத்துக்கு நேராக நின்று சொன்னார். “நீங்க இருந்து அது தெரியாம போயிடுமா? எனக்கு உங்க காது மேல நம்பிக்கை இருக்குண்ணா. நீங்க வரலைன்னு சொன்னதாலதானே ஆளை இறக்கினேன்.”

ஓடைக்குள் சின்னசாமி யாரையோ ஸ்பேனர் கேட்டுக்கொண்டிருந்தார். கிருபா அண்ணன் அந்தப் பக்கம் பார்த்தார், சௌம்யாவைப் பார்த்தார்.

“எனுக்கு காது கேக்காது மேடம்” என்றார். “மூணு வருசமா கேக்கல. கைய வெச்சுத்தான் சொல்லினு இருந்தேன். அது பூட்ச்சு மேடம். தாண்டிப் பூட்ச்சு. அவங்கள மேல கூப்புடுங்க.”

சௌம்யா ஓடைக்கரைக்கு ஓடிப்போய்க் கத்தினார். மூன்று பேரும் மேலே ஏறி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் சின்னசாமி கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிக்கைப் பிறகு நசரத்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் கண்டுபிடித்து எடுத்தார்கள்.

எனக்கு அவர் மேல் கோபம்தான். இன்றும் ஆறவில்லை. பேருக்கு ஆசைப்பட்டு மூன்று குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தாரே. ஆனால் அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டால் கோபத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னபோதும் சௌம்யா ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார். கிருபா அண்ணன் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் நேரே குழாயடிக்குப் போய்க் கால் கழுவ ஆரம்பித்தார். அவர் மனைவி யுவராணியிடம் நான்தான் சொன்னேன். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“காது கேக்கலியா? நான் இன்னா கேட்டாலும் பதிலே வராதுப்பா. பெரிய ஆளாய்ட்டாரு, நம்மள எங்க மதிக்கப் போறாருன்னு நெனச்சிகினு, நானும் பேசறத வுட்டுட்டேன். ஒரே ஊட்ல கீறோம், பேசி ரெண்டு வருசம் ஆவுது.”

அந்த அம்மா குழாயடிக்குப் போய் அவர் தோளைத் தொட்டுத் திருப்பியது. “ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டது.

“காதும் பூட்ச்சுன்னா அப்புறம் நான் யாரு?” என்றார் அவர்.

யுவராணி அதற்கு ஏதோ சொன்னது. மெதுவாகச் சொன்னதால் எனக்கே கேட்கவில்லை. அவர் அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தபா சொல்லு” என்றார்.