மணலூர்பேட்டைத் தினை

மணலூர்பேட்டையில் எங்கள் நிலத்தில் கரும்பைத் தவிர வேறொன்றும் விளைந்து நான் பார்த்ததில்லை. கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபத்தில் விதைத் திருவிழா என்று கேள்விப்பட்டதும் என் வீட்டுக்காரர் பாரம்பரிய விவசாயி ஆகிவிட்டார். அழகான மண்சட்டி ஒன்று வாங்கி வந்து, மகள் வளர்க்கும் லவ் பேர்ட்ஸின் தீனியை எடுத்து அதில் கொட்டினார்.

"அது குருவித் தீனிங்க."

"குருவி இன்னா பிளாஸ்டிக்கா தின்னுது? தினைதானே?"

மண்டபத்தில், கல்வராயன் மலையிலிருந்து வந்தவர்கள் சாமையையும் தினையையும் உரச்சாக்கின் மேல் பரப்பியிருந்தார்கள். சாக்கு யார் கண்ணிலும் படவில்லை. வாழையிலையும் பூவுமாக இருந்த எங்கள் சட்டிக்குத்தான் கேமரா வந்தது.

"மணலூர்பேட்டைத் தினைங்க. பெண்ணையாத்துக் கரையில மட்டுந்தான் வரும்" என்றார், வாய் கூசாமல்.

மரபணு வளம் பற்றி மைக்கில் உருகிக்கொண்டிருந்த நிபுணர் இறங்கி வந்து அவருக்குச் சால்வை போர்த்தினார்.

கூட்டம் கலைந்தபோது மலைக்காரப் பெண் ஒருத்தி சட்டியிலிருந்து கொஞ்சம் அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். "எங்க ஊர்ல இந்த மாதிரி இல்லீங்க. ஒரு கைப்பிடி குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தன் சாமை விதையைப் பொட்டலம் கட்டித் தந்தாள். அந்தச் சாமையை என் வீட்டுக்காரர் மில்லில் கொடுத்து அரிசியாக்கி, உப்புமா கிளறச் சொன்னார். பாரம்பரியம் அவர் வயிற்றுக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருஷத் திருவிழாவில் அவள் எங்களைத் தேடி வந்தாள்.

"எங்க தினைக் கதிர்ல முடி முடியா சொணை இருக்கும், குருவி அவ்ளோவா கிட்ட வராது. உங்களுது மொழுக்குனு இருக்குது. சீக்கிரமா வேற கதிர் வுட்டுடுது. குருவிங்க கும்பலா வந்து ஒக்காந்துகினு தின்னுதுங்க."

"ஐயோ, எல்லாம் போச்சா?"

"இல்லக்கா. கொஞ்சம் வெச்சுப் பாக்கலாம்னு ஓரமாத்தான் வெதைச்சேன். அதுங்க அத்தோட நின்னுடுச்சு. உள்ள எங்க தினை தப்பிச்சுது. இந்த வருசமும் ஓரத்துல அதான்." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "எங்க சாமை உங்க மண்ணுல எப்டி வந்துச்சுங்க?"

"அருமையா வந்துதும்மா!"

"உப்புமாவா வந்துச்சு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து இன்னொரு பிடி சாமையை எடுத்து என் முந்தானையில் போட்டாள். "நீங்களே வெதைங்கக்கா. அண்ணங்கிட்ட குடுக்காதீங்க."

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கரும்பு ஏறாத மேட்டில் தூவினேன். வந்தது. கதிர் முற்றிய அன்று நடுவில் போய் நின்று, சால்வையோடு போட்டோ எடுத்துக்கொண்டவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.