நடு நெற்றியில் பொட்டு

செல்போனில் டார்ச் வந்த புதிது. ஓசூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், ருத்தேனியம் சேர்மத்தைக் கண்ணாடியில் பூசி விளக்கு செய்துகொண்டிருந்தேன். மூன்று வோல்ட் கொடுத்தால் சிவப்பாக ஒளிரும். ஆனால் உடனே எரியாது. உள்ளே அயனிகள் நகர்ந்து இடம்பிடிக்கக் கால் மணி நேரமாகும். எரிந்தாலும் ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் விளக்கைப் பேட்டரியோடு இணைத்துவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரமாகியும் வெளிச்சமில்லை. பேட்டரியைத் திட்டினேன், அயனிகளின் சோம்பலைத் திட்டினேன். பாகலூரிலிருந்து வரும் லேப் அசிஸ்டென்ட் குனிந்து பார்த்தார்.

"மேடம், சந்தனத்துக்குப் பின்னாடி என்னமோ செவப்பா தெரியுதே."

முந்தின நாள் எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்தது நான்தான். விளக்குக்கு மட்டும் தாராளமாக, நடு நெற்றியில். சுரண்டி முடிப்பதற்குள் அது அணைந்துவிட்டது.