அல்வா டின்னுக்குள் ஒரு சிங்கம்

யாம்போல் நகரில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் ஸ்டாமெனுக்கு ஒரே ஆசைதான். மனைவியின் அண்ணன் கெனாதி நடத்தும் கல்யாண பேண்டில், ஒரு பாட்டுக்காவது முன்னால் வந்து தனியாகக் கிட்டார் வாசிக்க வேண்டும். கெனாதி கிளாரினெட்காரர். தனக்கு முன்னால் யாரும் நிற்பது அவருக்குப் பிடிக்காது.

கிளாரினெட்டை அமுக்க வேண்டுமானால் கிட்டார் உறும வேண்டும். அதற்காக, காலால் மிதித்தால் கிட்டார் ஒலியை உறுமலாக்கும் ஒரு மிதிபெட்டியை ஸ்டாமென் தானே செய்தான். பழைய ரேடியோவில் பிடுங்கிய இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர், ஒரு பேட்டரி, எல்லாம் ஓர் அல்வா டின்னுக்குள். நிலவறையில் ஊறுகாய்ப் பீப்பாய்களுக்கு நடுவே வாசித்தால் சிங்கம். முற்றத்துக்குக் கொண்டுவந்தால் சளி பிடித்த தவளை. ரெசிஸ்டரை மாற்றுவான், கீழே சோதிப்பான், சிங்கம். மேலே வருவான், மறுபடி தவளை. கோடை முழுக்க அந்த டின் அவனுக்கு அல்வாதான் கொடுத்தது.

பாலாடைக்கட்டி எடுக்கக் கீழே வந்த மனைவி தோச்கா ஒருநாள் சொன்னாள்:

"கீழ வச்சா நல்லாருக்கு, மேல வச்சா கெட்டுப்போவுது. நம்ம சீஸுக்கும் இதே கததான்யா."

ஸ்டாமென் தலையில் அடித்துக்கொண்டான். ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது என்பது அவனுக்கும் தெரிந்ததுதான். மின்சுற்றை மாற்றும் மும்முரத்தில் மறந்து தொலைத்திருந்தான்.

ஆகஸ்டில் கெனாதியின் மகளுக்குக் கல்யாணம். தங்கையின் நச்சரிப்பு தாங்காமல் கெனாதி இறங்கிவந்தார்.

"ஒரே பாட்டு, மாப்ளே. அந்த டப்பா ஒருதடவ சொதப்புச்சுன்னா ஆயுசுக்கும் நீ பின்னாடிதான்."

தர்பூசணி குளிர வைத்திருந்த ஐஸ் தொட்டியில், பழங்களுக்கு மேலே டின்னை உட்கார வைத்தான் ஸ்டாமென். மிதிக்க வழியில்லாததால் முன்கூட்டியே ஆன் செய்து அப்படியே விட்டான். வாசிக்க ஆரம்பித்ததும் சிங்கம் வந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் ஹாரிட்டன். அன்றைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்துவிட்டு இனிப்பு தேடி வந்தவர், ஐஸ் மேல் அல்வா டின்னைக் கண்டார். மூடியைத் திறந்து கட்டைவிரலை உள்ளே விட்டார்.

விரல் மின்சுற்றில் பட்டதும் கிட்டார் ஊளையிட்டது. எடுத்தார், அடங்கியது. மறுபடி விட்டார். ஊளை வானத்துக்கு ஏற, கைகோத்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெறிபிடித்ததுபோல் குதித்தார்கள். ஸ்டாமென் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தான். கெனாதி நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார்.

"எவன்டா நிறுத்தச் சொல்றது? நான்ல வாசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் ஹாரிட்டன்.

கெனாதியின் கை தானாக இறங்கியது. ஐஸ் உருகித் தீரும்வரை அந்த ஒரே பாட்டுதான். முடிந்ததும் கெனாதியே வந்து, பிரமாதம் என்று ஹாரிட்டனின் கையைக் குலுக்கினார்.

"இனிமே எல்லாக் கல்யாணத்துலயும் நான் முன்னாடி நிப்பேன். இவனும் எம்பக்கத்துல நிக்கணும்" என்றார் ஹாரிட்டன், ஸ்டாமெனைக் காட்டி.

மறுநாளே ஸ்டாமென் மூடியில் விரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டான். ஒருவழியாக முன்னால் வந்தாயிற்று, ஒரு கட்டைவிரலுக்குப் பக்கவாத்தியமாக.