முகட்டுத் திராட்சை

சென்ற மாதம் வாக்களிக்கப் போனேன். எங்களுக்கு ஒதுக்கிய சாவடி, கியூபெக்கின் ரொக்ஸ்பரோவில் ஆற்றோரமாக நிற்கும் பழைய பள்ளிக்கூடம். வரிசையில் எல்லோரும் கைப்பேசியைப் பார்க்க, நான் அண்ணாந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைத் தட்டுகள் பதித்த தாழ்ந்த போலி முகடு. அதைக் கண்டால் எனக்கு இன்னமும் கூசும். அது அங்கே வந்ததற்கு நானும் காரணம்.

ஏதோ பணக்காரக் குடும்பம் கோடையைக் கழிக்கக் கட்டிய மாளிகைதான் பிறகு அந்தப் பள்ளிக்கூடமானது. கல் சுவர், அகன்ற ஓக் மரப் படிக்கட்டு, வேலைக்காரர் ஏறப் பின்னால் ஒடுக்கமாய் இன்னொன்று. எங்கள் பிள்ளைகளுக்கு ஒடுக்கமானதுதான் பிடிக்கும். சாப்பாட்டறையின் முகட்டைச் சுற்றிச் சாந்தில் செய்த திராட்சைக்குலைகள். அந்த நாளில் சனிக்கிழமைகளில் அந்த அறையை எங்கள் தமிழ் வகுப்புக்கு இரவல் தந்திருந்தார்கள். நான் பாலர் வகுப்பு ஆசிரியை. 'ஆனா' எழுதச் சொன்னால் பிள்ளைகள் திராட்சை எண்ணுவார்கள்.

அங்கே சலவைக்கல் பதித்த கணப்படுப்பு ஒன்றும் இருந்தது. நவராத்திரிக்கு எங்கள் கண்ணுக்கு அது சாமி மாடமாகத்தான் தெரிந்தது. சரஸ்வதி படத்தை உள்ளே வைத்துக் கற்பூரம் கொளுத்தினோம், தாராளமாகவே. புகைபோக்கியை எப்போதோ அடைத்துவிட்டார்களாம். அலாரம் கத்த, பிள்ளைகள் கைதட்ட, கரி போய்த் திராட்சையில் படிந்தது.

கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட வயதான கியூபெக்காரர் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். "பா க்ராவ்" என்றார் பிரெஞ்சில், பரவாயில்லையாம். திங்கட்கிழமை பேக்கரிப் பாண் துண்டால் தானே துடைத்துவிடுவாராம்.

"பாணாலை ஆரும் முகடு துடைக்கிறதே? எங்களை நோகடிக்கக் கூடாதெண்டு சொல்லுறார்," என்றார் என் கணவர்.

"ஓமப்பா. இரவல் இடத்தைக் கரியோடை விட்டிட்டுப் போறதே?" என்றேன் நான்.

இரவல் பாத்திரத்தைக் கழுவி, வெறுமையாகத் தராமல் உள்ளே ஏதாவது போட்டுத் தருகிற சனம் நாங்கள். அன்று பின்னேரமே என் கணவர் ஏணியைப் பிடிக்க, நான் ஏறிச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்தேய் என்று தேய்த்தேன். கரி போனது. சாந்தும் ஊறிப்போனது. ஒரு குலை துணியோடு கழன்று என் கைக்கு வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அதைக் கியூபெக்காரரிடம் நீட்டினேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, "நான் பாண் வாங்கி வைத்திருந்தேன்," என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னார். சாந்தில் தண்ணீர் படக்கூடாது, கரியைப் பாண்தான் ஒற்றியெடுக்கும் என்று பிறகுதான் அறிந்தேன்.

மிச்சமும் பிள்ளைகளின் தலையில் விழும் என்று பயந்து, பள்ளிக்கூடம் முகட்டை மூடிவிட்டது. அவரும் ஓய்வு பெற்றுப் போனார். இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு அண்ணாந்து எண்ண ஒன்றுமில்லை. தட்டுகளுக்கு மேலே, இருட்டில், நான் துடைத்த பக்கம் மட்டும் நல்ல வெள்ளையாக இருக்கும்.