பெட்ரோல் வரிசையில் ஓர் ஐலசா

நாளை முதல் பெட்ரோல் விலை ஏறுகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னால் போதும், இந்த ஊரே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். கைலியோடு வருவார்கள், பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வருவார்கள். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு வரிசையில் காத்துக் கிடந்து, மிச்சம் பிடிக்கப்போகும் காசை அங்கேயே புகையாக விட்டுவிட்டு, ஜெயித்த முகத்தோடு வீடு திரும்புவார்கள். மலேசியாவில் இந்தக் கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது முதல் ஆளாகக் கார் சாவியைத் தேடுவது நான்தான்.

அப்பாவுக்குக் காரைக்காலில் இரண்டு விசைப்படகுகள். எங்கள் கடலில் எண்ணெய் தோண்ட ஆய்வுக் கப்பல் வந்தபோது, படகுக்காரர்களைத் திரட்டி நடுரோட்டில் உட்கார்ந்தவர். "மீனெல்லாம் ஓடிட்டா டீசலையா கொழம்பு வைப்பீங்க?" என்று தாசில்தாரையே கேட்டவர். அவரிடம் என் வரனைக் கொண்டுவந்த உறவினர் கெட்டிக்காரர். "மலேசியா மாப்பிள்ளை, கடல்ல வேலை" என்றதோடு நிறுத்திக்கொண்டார். கடல் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திரெங்கானு கடலில் எண்ணெய்த் துரப்பண மேடையில் வெல்டர் என்பது எனக்கே தாலி ஏறிய பிறகுதான் தெரியும். அப்பா மேற்கொண்டு கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தெரிந்தால் என் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார் என்ற பயம் மட்டும் எனக்கு எப்போதும் இருந்தது.

குவைத்தில் சண்டை மூண்ட வருடம் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். வந்தவருக்குக் கார் சவாரி பிடித்துப்போயிற்று. ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, மறுநாள் துறைமுகம், அடுத்தநாள் காரணமே இல்லாமல் பங்சார். "இங்க பெட்ரோல் என்னமா மலிவு!" என்று வாய் நிறையப் புகழ்வார். மலிவுக்குக் காரணமானவர்களில் ஒருவர் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருப்பார். அன்று மாலை விலையேற்றச் செய்தி வந்தபோது, அப்பா சுற்றிய சுற்றில் டாங்கி வறண்டு கிடந்தது.

வரிசை ஆமையாய் நகர்ந்தது. பக்கத்து வரிசையில் நின்றவர் எங்கள் தெருவில் டாக்சி ஓட்டும் மணியம் அண்ணன். ஜன்னல் வழியே அப்பாவிடம் பொருமினார்.

"நம்ம கடல்லயே எண்ணெ வருது அங்கிள், நமக்கே வெலைய ஏத்துறாங்க. என்னா நியாயம் லா? ஒங்க மருமகன கேளுங்க, அவருதானே அங்க போய் தோண்டுறாரு!"

அப்பா என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைத் திறந்து இறங்கிவிட்டார். நாலடி போனவர் நின்றார். வீட்டுக்கு வழி தெரியாது. திரும்பிக் காருக்குள் வந்தால் மருமகன் தோண்டிய எண்ணெய்க்கே வரிசையில் நிற்கவேண்டும். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த நேரம் பார்த்து எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. ஒரு மலாய்க்காரர் இறங்கி வந்து, "மினியாக் ஹாபிஸ், பக்சிக்?" என்று கேட்டார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதா பெரியவரே என்று கேட்கிறார். ஊரை விசாரிக்கிறார் என்று நினைத்து, அப்பா விறைப்பாகக் "காரைக்கால்" என்றார். அவரும் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுக் காரின் பின்னால் கையை வைத்தார். அப்பாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வேற்று ஆள் கைகொடுக்கும்போது சும்மா நிற்பது படகுக்காரருக்குக் கேவலம். வேட்டியை மடித்துக் கட்டினார். மணலில் படகு தள்ளும் குரலை எடுத்தார். "ஐலசா!" மலாய்க்காரர் "ஐலசா!" என்றார். மணியம் அண்ணன் ஓடி வந்தார், ஒரு சீனப் பெரியவரும் சேர்ந்துகொண்டார். எண்ணெய்க்கு எதிராக மறியல் செய்த என் அப்பா, கிள்ளான் நடுவே பாட்டுப் பாடி ஒரு காரைப் பெட்ரோல் நிலையத்துக்குள் தள்ளிவிட்டார்.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி அப்பா என் கணவரைக் கேட்டார்.

"மேடைக்கு அடியில மீன் அண்டுமா மாப்ள?"

"நெறைய அண்டும் மாமா. ஆனா படகுகாரங்கள கிட்ட வரவிட மாட்டாங்க."

"அப்ப நான் ரோட்டுல ஒக்கார்றது சரிதான்?"

"சரிதான் மாமா."

அப்பா தன் இலையிலிருந்த வஞ்சிர மீன் துண்டை எடுத்து மாப்பிள்ளை தட்டில் வைத்தார். "தின்னுங்க. கேட்டதுக்குப் பொய் சொல்லாத ஆளு, தெம்பா இருக்கணும்." நான் அப்பா இலையில் இன்னொரு துண்டு வைத்தேன்.

ஊருக்குப் போனவர் மறுபடியும் மறியலில் உட்கார்ந்தார். இங்கே விலையேறும் செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிடுகிறது, போன் செய்துவிடுகிறார். போன தடவையும் அப்படித்தான். "டாங்கிய ரொப்பிட்டியா?" என்றார். "ரொப்பிட்டேம்பா" என்றேன். "நாளைக்கு இங்க மறியல்" என்றார். "விட்டுராதீங்கப்பா" என்றேன். இரண்டையும் மனதாரத்தான் சொன்னேன். போனை வைத்த கையில் இன்னும் பெட்ரோல் வாடை இருந்தது.