அபிதகுசாம்பாளின் போன் பேச்சு

ஆரணியில் பட்டுத்தறி வைத்திருக்கும் வீடுகளில் அபிதகுசாம்பாளைத் தெரியாதவர்கள் குறைவு. பாவு பிணைப்பது, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை இணைப்பது, அவர் தொழில். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதியதன் ஒவ்வோர் இழையைச் சேர்த்து விரலால் முறுக்கி ஒட்டவைக்க வேண்டும். சில ஆயிரம் இழைகள் இருக்கும். விரல் வழுக்காமலிருக்கக் கொட்டாங்கச்சியில் சாம்பல் வைத்துக்கொண்டு தொட்டுத் தொட்டு முறுக்குவார். அது முடியும்வரை அந்த வீட்டில் தறி ஓடாது. அதனால் பிணைக்க வருபவருக்கு எந்த வீட்டிலும் நல்ல காபி கிடைக்கும்.

எங்கள் வீட்டுத் தறிக்கும் அவர்தான் வருவார். தறியில் உட்காருகிறவன் என் தம்பி. எனக்குக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற வேலை. பேப்பரில் வராத சேதிகள்தான் எனக்கு முக்கியம் என்பதை மறைப்பானேன். பத்துத் தெரு சுற்றி வருகிற பெண்மணி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வார்த்தை கேட்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

"ஏன் அபிதா, கொசப்பாளையத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தனித்தனியா சமைக்கிறாங்களாமே?"

"இழை அறுந்துடும். பேச்சு குடுக்காதீங்கண்ணா."

இதுதான் பதில். வருஷக்கணக்காக இதேதான் பதில். ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டுக்கு அவர் கொண்டுபோனதில்லை. அவர் எதிரிலேயே மாமியாரும் மருமகளும் சண்டை போடுவார்கள்; பங்காளிகள் சொத்துப் பேச்சு பேசுவார்கள்; யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. அவரைவிட வேகமாகப் பிணைக்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இருந்தும் அவரையே கூப்பிடுவதற்குக் காரணம் இந்த வாய்க்கட்டுதான். அவருக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

என்னிடம் பேசினால் அறுந்துபோகிற இழை, மகனிடம் பேசினால் மட்டும் அறுந்துபோகாது. மகன் தென்னரசு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருந்தான். காலை டீ நேரத்தில் அவனுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அபிதகுசாம்பாள் எந்த வீட்டில் எந்தத் தறிக்குள் உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரத்துக்கு அவனைக் கூப்பிட்டுவிடுவார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசிப் பேசிக் கழுத்து பிடித்துக்கொண்டது. அதைக் கேட்டு மகன் ஒரு தீபாவளிக்கு இயர்பட்ஸ் வாங்கி வந்தான். ஒன்றை மட்டும் இடது காதில் செருகிக்கொள்வார். வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் கேட்க வலது காது வேண்டும். போன் வந்தால் விரலால் அதை ஒரு தட்டு தட்டினால் போதும், பேசலாம். நாள் முழுக்க மகனோடு கூடவே இருப்பதுபோல் இருக்கிறது என்று அவர் என் மனைவியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

சில மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு, "கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி கேக்குதும்மா" என்று மகன் சொல்ல ஆரம்பித்தான். மகனுக்குக் கேட்கவில்லை என்றால் தாய் என்ன செய்வாள்? சத்தத்தைக் கூட்டினார். அபிதகுசாம்பாளுக்கு ஏற்கெனவே அக்கம்பக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அதையும் கூட்டினால் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பிணைத்துக்கொண்டே அவர், "சோத்துல தண்ணி ஊத்தி வெச்சி சாப்பிடாத, சளி புடிக்கும்!" என்று கத்தியதற்கு எதிர்வீட்டுக்காரர் வந்து யாருக்குச் சளி என்று விசாரித்தார்.

இதற்கு நடுவில் தென்னரசுக்கு ஒரு சம்பந்தம் பேச்சு நடந்தது. போளூர்ப் பெண். ஜாதகம் பார்த்தாயிற்று, பெண்ணும் பையனும் போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்தாயிற்று, தாம்பூலம் மாற்ற நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. திடீரென்று பெண் வீட்டிலிருந்து ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பொருந்திய ஜாதகம் எப்படிப் பொருந்தாமல் போகும் என்று அபிதகுசாம்பாள் அந்த ஜோசியரை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் யாரையும் திட்டி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மகனின் பேச்சு குறைந்தது. முன்பெல்லாம் டீ நேரம் முடிகிறவரை பேசுவான். இப்போது எடுத்தவுடனே, "கேக்கலம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவான். அந்த அப்புறம் வருவதில்லை. கையில் இழையும் காதில் ஒன்றுமில்லாத இயர்பட்ஸுமாக அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்னைப்போலச் சேதிக்கு அலைகிறவனுக்கே அப்படி இருந்தது. இந்தக் கருவி ஒன்று சரியானால் மகன் பழையபடி பேசுவான் என்பதுதான் அவர் எண்ணம். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெயக்குமாரிடம் போனார்.

ஜெயக்குமாருக்கு முன்கோபம். ஆனால் வேலையில் சுத்தம். சரியாகக் கேட்கவில்லை என்று யார் வந்து சொன்னாலும் அவனுக்கு எரிச்சல் வரும்.

"யாருக்குக் கேக்கல? உங்களுக்கா, அந்தப் பக்கமா?"

"எனக்கு நல்லாக் கேக்குது. அவனுக்குத்தான் கேக்கல."

"அத மொதல்ல சொல்லணுங்கக்கா. நீங்க பேசறது போவல. மைக் தகராறு, இல்லன்னா புளூடூத் தகராறு, இல்லன்னா சிக்னல்."

முதலில் இயர்பட்ஸைக் கழற்றிவிட்டுப் போனிலேயே நேராக அவரைப் பேசச் சொன்னான். தன் மச்சானைக் கூப்பிட்டுக் கொடுத்தான். மச்சானுக்கு நன்றாகக் கேட்டது. ஆக, சிக்னலிலும் போனிலும் கோளாறில்லை. இயர்பட்ஸைப் போட்டுப் பேசியதும் மச்சான் கிணறு என்றார். சார்ஜ் பார்த்தான், இருந்தது. விசாரித்துப் பார்த்தால் அந்த இயர்பட்ஸ் அபிதகுசாம்பாளின் கணவர் போனோடும் சேர்ந்திருந்தது. எப்போதோ அவர் பாட்டுக் கேட்க எடுத்திருக்கிறார். இயர்பட்ஸை ரீசெட் செய்து, இந்தப் போனிலிருந்தும் அழித்துப் புதிதாகச் சேர்த்தான்.

"போன எங்க வெச்சிக்கினு பேசுவீங்க?"

"பைக்குள்ள. பை கீழ, வலது பக்கமா இருக்கும்."

"காதுல மாட்டறது இடது பக்கம், போன் வலது பக்கம் கீழ. நடுவுல உங்க ஒடம்பு முழுக்கக் குறுக்க நின்னா புளூடூத் எப்பிடிப் போவும்? இடது பக்கமாவே கிட்டக்க வெச்சிக்கங்க."

இரண்டு மூன்று நாள் கொஞ்சம் தேவலாம்போல் இருந்தது. ஆனால் மகன் பழையபடி கேட்கவில்லை என்றான். மறுபடி போனார். ஜெயக்குமார் இந்த முறை போனிலேயே அவர் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினான். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலத்தான் இருந்தது. இயர்பட்ஸை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். மைக் இருக்கும் ஓட்டை கடுகில் பாதிகூட இருக்காது. அதில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக என்னவோ அடைத்திருந்தது.

"இன்னாக்கா இது, விபூதியா?"

அபிதகுசாம்பாள் தன் விரலைப் பார்த்தார். போன் வரும்போதெல்லாம் சாம்பல் விரலோடு தட்டுவார். கழன்றால் அதே விரலால் அழுத்துவார். அதே கையால் டப்பியில் போட்டு மூடுவார். மாதக்கணக்கில் சாம்பல் உள்ளே இறங்கியிருக்கிறது. ஜெயக்குமார் மெல்லிய பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தான். வீட்டில் ஊசி போட்டுக் குத்தக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, இனிமேல் போட்டுக்கொள்ளும் முன் கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னான். பிறகு தானே ரோட்டுக்குப் போய், பஸ் இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டான்.

"மெதுவாப் பேசுங்கக்கா."

"பேசறேன் தம்பி."

"இன்னும் மெதுவா."

"கேக்குதா?"

"உங்க மூச்சு கூடக் கேக்குது. போய் வேலையப் பாருங்க."

மறுநாள் ரேணுகாதேவி வீட்டில் பிணைப்பு. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. கையை நன்றாகத் துடைத்து, இயர்பட்ஸைச் செருகி, போனை இடது பக்கம் வைத்து, வழக்கமான அதே நேரத்துக்கு மகனைக் கூப்பிட்டார்.

"கேக்கலம்மா. அப்புறம் பேசறேன்."

"தென்னரசு, இப்ப ரிப்பேர் பண்ணியாச்சிடா."

"இல்லம்மா, ஒண்ணும் கேக்கல."

ரோட்டில் பஸ்ஸுக்கு நடுவில் நின்றவனுக்கு மூச்சு கேட்டது. இவனுக்குப் பேச்சே கேட்கவில்லையா? அபிதகுசாம்பாள் முட்டாளில்லை. பிணைக்கிற விரலை நிறுத்தவில்லை. குரலை மட்டும், பக்கத்தில் யார் நின்றாலும் எட்டாத அளவுக்குத் தாழ்த்திக்கொண்டார்.

"போளூர்லேர்ந்து திரும்ப ஆள் வந்தாங்க. தாம்பூலம் மாத்திக்கலாம்னு நான் சரி சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டும்மா சொன்ன?" என்று அவன் கத்தினான்.

"கேக்குதே உனக்கு" என்றார்.

இனி மறைத்துப் பயனில்லை என்று அவன் சொல்லிவிட்டான்.

"ஜாதகம்லாம் பொய்ம்மா. எனக்கு வேல போனது அவங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி. அதான் வேணாம்னுட்டாங்க. அந்தப் பொண்ணே போன் பண்ணி சொல்லிச்சி."

"யாருடா சொன்னது அவங்க கிட்ட?"

"நீதான்."

"நான் யார் கிட்டயும் சொல்லலடா. உங்கப்பா கிட்ட கூட சொல்லல."

"சொல்லல. கத்தின. எனக்கு வேல போச்சின்னு உன் கிட்ட மட்டும் சொன்னேன். நீ தறியில உக்காந்துகினு 'வேல போயிடுச்சா, எப்பப் போச்சி, போளூர்காரங்களுக்குத் தெரியக் கூடாது'ன்னு கத்தின. அந்த ஊட்டு மருமவ எந்த ஊரும்மா?"

அது ஆரணி சைதாப்பேட்டையில் ஒரு வீடு. மருமகள் போளூர்தான். அன்று அந்தப் பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது அபிதகுசாம்பாளுக்கு நினைவு வந்தது. புடைக்கிற சத்தம் நடுவில் நின்றதும் நினைவு வந்தது.

"ஏண்டா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அதுவும் யாரோ ஊட்ல உக்காந்துகினு அழுவ. இப்ப வேற வேல கெடச்சிடுச்சி. அதச் சொல்லக் கூட பயமா இருந்தது. உன் கிட்ட ஒரு வார்த்த சொன்னா ஆரணி பூரா கேக்குதும்மா."

ரேணுகாதேவி காபி டம்ளரோடு வந்து நின்றார். "இன்னாக்கா, லைன் கெடைக்கலியா?"

அபிதகுசாம்பாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்துல யாரும்மா?" என்று காதுக்குள் மகன் கேட்டான்.

"ரேணுகாதேவி."

"அப்ப ஊட்டுக்குப் போயி கூப்பிடு. எடுக்கறேன்."

அவர் தறியை விட்டு எழுந்தார். பாவைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்த பிணைப்புக்காரரை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. "எங்கக்கா போற? அவரு மத்தியானம் நெய்ய உக்காரணும்னு சொன்னாரே!" என்று ரேணுகாதேவி வாசல்வரை கத்திக்கொண்டு வந்ததைத்தான் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. சாம்பல் கையைப் புடவையில்கூடத் துடைக்காமல் வெயிலில் வேகமாக நடந்து போனார்.

அடுத்த பாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் காதில் ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டேன். இழை அறுந்துவிடும் என்பார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னார். மகன் சொன்னது, சைதாப்பேட்டை வீடு, ஜெயக்குமார் எடுத்த சாம்பல் எல்லாம். விரல் ஓடிக்கொண்டே இருந்தது. "ஊராருது ஒண்ண கூட நான் வெளிய உடலண்ணா. எம்புள்ளைத மட்டும் ஊரு முழுக்கக் கொண்டுபோயி குடுத்துட்டேன்" என்றபோது மட்டும் கை நின்றது. அந்தக் கத்தலைக் கேட்டு நானும்தானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டீர்களே, எடுத்தானா என்றேன்.

"மொத மணியிலயே எடுத்தான்."

"இன்னா சொன்னான்?"

அபிதகுசாம்பாள் சாம்பலைத் தொட்டுக்கொண்டார். அடுத்த இழையை எடுத்து முறுக்கினார், அதற்கடுத்ததையும் முறுக்கினார். அன்று அவன் என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.