கை மட்டும் நடித்தவர்

அந்தப் பெயர்ப்பலகை ஓவியரின் முகம் எந்தச் சினிமாப் படத்திலும் வந்ததில்லை. கை மட்டும் வரும். கதாநாயகர்களின் எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். கடிதம் எழுதும் காட்சி வந்தால் அவர்களுடைய மோதிரத்தைக் கழற்றி இவர் விரலில் மாட்டிவிடுவார்கள். இருபது வருடமாக இதுதான் அவருடைய நடிப்பு. படப்பிடிப்புத் தளத்தில் எல்லாருக்கும் அவர் 'கையண்ணன்'.

இப்போது எடுப்பது ராஜா காலத்துப் படம். ராணி சேனாபதியைக் காதலிக்கிறாள். அவன் எழுதியது போல் மந்திரி ஒரு பொய்க் கடிதம் தயாரிக்கிறான். அதை நம்பி ராணி காதலனைச் சிறையில் தள்ளுகிறாள். நிஜக் கடிதம், பொய்க் கடிதம் இரண்டையும் எழுதுவது இவர் கைதான்.

"இத்தனை நாள் பழகினவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாளா? காகிதத்தைப் பாத்ததும் புத்தி மேயப் போயிடுமா?" என்று உதவி இயக்குநரிடம் கேட்டார்.

"கேட்டுட்டா இடைவேளையோட படம் முடிஞ்சிடும்ணே. நீங்க எழுதுங்க."

அன்றைக்கு அவருடைய சொந்த அண்ணன் முதல் தடவையாகத் தளத்துக்கு வந்திருந்தார். மந்திரிக்காகத் தம்பி எழுதுவதை வாய் பிளந்து பார்த்தார். சாப்பாட்டு வேளையில் அண்ணன், செத்துப்போன அப்பாவின் பழைய கடிதம் ஒன்றையும், ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டினார். அப்பாவின் வீட்டுப் பின்னறையில் புருஷனை இழந்த தங்கச்சி இருக்கிறாள். வீடு முழுக்க மூத்தவனுக்கே என்று அப்பா கையெழுத்தில் நாலு வரி வேண்டுமாம்.

"உனக்கும் ஏதாவது செய்றேன்டா. அவளுக்குத் தெரியவா போகுது?"

"சினிமா மந்திரிக்காவது ஒரு நாட்டைப் பிடிக்கணும்னு ஆசைண்ணே. உனக்கு ஒரு அறை. அதுவும் மழை பெஞ்சா ஒழுகுற அறை."

"எழுதுவியா, மாட்டியா?"

கையண்ணன் தாளைக் கிழிக்கவில்லை. கிழிக்கும் மரியாதைகூட அதற்கு அதிகம் என்று நினைத்தார். அண்ணன் முன்னாலேயே தங்கச்சிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

அவள், "அப்பா எழுதி வச்ச கடிதம் இருக்குன்னு பெரியண்ணன் போன வாரமே வந்து சொன்னாரே. நான் சாமானெல்லாம் கட்டிட்டேன்ணே" என்றாள்.

"கடிதத்தைக் காட்டினாரா?"

"இல்ல. அவர் சொன்னா சரியா இருக்கும்னு…"

ராணியாவது எழுத்தைப் பார்த்து ஏமாந்தாள்.

அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையண்ணனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு எதிராளி கொஞ்சமாவது பெரிய மனிதனாக இருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் அவுத்து வை," என்றார் போனில். "சாயங்காலம் வந்து பாப்பேன். ஒரு மூட்டைகூட இருக்கக் கூடாது."